தனி ஏடு

சிங்கப்பூரின் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் 51 மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதன் இரண்டாம், மூன்றாம் தளங்களில் உணவங்காடி இருக்கிறது. மேல்மாடிகளில் கோடிகளைக் கையாளுகிறவர்களும் அவர்களுடைய மேசைகளைத் துடைக்கிறவர்களும் நண்பகலில் அங்கே ஒரே வரிசையில் நிற்பார்கள். அந்தத் தெருவுக்கு அருகே ஒரு வெளிநாட்டு வங்கியின் செட்டில்மென்ட் பிரிவில், அதாவது பேசி முடித்த வணிகங்களுக்கான பணத்தைக் கைமாற்றிக் கணக்கு முடிக்கும் பிரிவில், பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். பணியில் சேர்ந்து நெடுநாள் கழித்தே அந்தத் தெருவுக்குத் தமிழர் நாவில் செட்டித் தெரு என்று ஒரு பெயர் இருந்தது எனக்குத் தெரியவந்தது. தெரிந்தபோது சற்று வெட்கமாகவும் இருந்தது. என் தாத்தா தேவகோட்டையில் ஒரு நகரத்தார் வீட்டில் கணக்கெழுதியவர். கடல் தாண்டாத அவர், அந்தத் தெருவிலிருந்து வந்த கணக்குகளைத் தம் வாழ்நாளில் பாதியைச் செலவிட்டுச் சரிபார்த்திருக்கிறார்.

ஒரு நகரம் எப்படிப் பன்னாட்டு நிதி மையமாகிறது என்று நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. துறைமுகம், ஆங்கிலச் சட்டம், ஊழலற்ற ஆட்சி, குறைந்த வரி என்று பதில்களையும் அவர்களே அடுக்கிவிடுவார்கள். அவை பிழையல்ல. ஆனால் செட்டில்மென்ட் பிரிவில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு வேறொன்று முதலில் கண்ணில் படுகிறது. பிறருடைய பணத்தையும் தன் பணத்தையும் ஒரே ஏட்டில் எழுதாமல் இருப்பதற்கு ஒரு நகரம் எவ்வளவு சிரமப்பட ஆயத்தமாக இருக்கிறது என்பதே அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் செட்டித் தெருவில் இருந்தவை கிட்டங்கிகள். நீளமான கூடம், தரையில் வரிசையாகப் பெட்டகங்கள், ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு தாழ்ந்த மேசை, அதன் பின்னே ஊரிலுள்ள முதலாளியின் சார்பில் மூன்றாண்டுத் தவணைக்கு வந்திருக்கும் ஒருவர். பகலில் கடன் கொடுத்த இடத்திலேயே இரவில் பாயை விரித்துப் படுத்துக்கொள்வார்கள். துறைமுகத்துக்கு ஐரோப்பிய வங்கிகளும் வந்திருந்தன. சார்ட்டர்ட் வங்கி 1859-லும் ஹாங்காங் ஷாங்காய் வங்கி 1877-லும் இங்கே கடை திறந்தன. ஆனால் அவற்றின் மேலாளருக்கு ஒரு சீன மளிகைக்காரரையோ சிறிய ஈயச் சுரங்கக்காரரையோ தெரியாது. அவருக்குத் தெரிந்தவர் செட்டியார், செட்டியாருக்குத் தெரிந்தவர் அந்தக் கடைக்காரர். வங்கியில் ஒரு வட்டிக்கு வாங்கிய பணத்தோடு தம் முதலையும் சேர்த்து இன்னொரு வட்டிக்குக் கொடுத்து, இடையிலிருந்த இடைவெளியில் அவர்கள் பிழைத்தார்கள். சார்ட்டர்ட் வங்கி திறந்த அதே 1859-இல்தான் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயிலையும் எழுப்பினார்கள்.

நகரத்தார்தாம் சிங்கப்பூரை நிதி மையமாக்கினார்கள் என்று நம்மவர் சிலர் மேடைகளில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது மிகை. அவர்கள் கொடுத்த கடன் தென்கிழக்காசியாவின் ரப்பருக்கும் ஈயத்துக்கும் நெல்லுக்கும் போயிற்று, அபினி வணிகத்துக்கும் போயிற்று. கடன் திரும்பாதபோது நிலங்கள் கைமாறி, குடியானவர்களின் வெறுப்பும் அவர்களைச் சேர்ந்தது. அதைத் தாண்டி இன்றைய மையத்துக்கு அவர்களிடமிருந்து நேரடியாக வந்தது குறைவு. என்றாலும் தாத்தாவின் முறை ஒன்றை நான் மறக்கவில்லை. ரங்கூனுக்கு ஓர் ஏடு, பினாங்குக்கு ஓர் ஏடு, சிங்கப்பூருக்கு ஓர் ஏடு என்று அவர் வைத்திருந்தார். ஓர் ஊரின் நட்டத்தை இன்னோர் ஊரின் லாபத்தில் கழித்து எழுத முதலாளியே சொன்னாலும் அவர் எழுதமாட்டாராம். மாதக் கணக்கு கப்பலில் வந்ததும், போன மாதத்து இருப்பும் இந்த மாதத்துத் தொடக்கமும் ஒட்டுகின்றனவா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. ஒட்டவில்லை என்றால் அன்றைக்கே கடிதம் போகும்.

இன்றைய மையத்தின் உண்மையான தொடக்கம் 1968. மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் மலேசியாவிலிருந்து பிரிந்திருந்த நாடு அது. 1967 ஜூனில் தன் சொந்த டாலரை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பை 14.3 விழுக்காடு குறைத்தபோது சிங்கப்பூர் தன் டாலரைக் குறைக்கவில்லை. 1968 ஜனவரியில், தன் படைத்தளங்களை விரைவில் மூடப்போவதாகப் பிரிட்டன் அறிவித்தது. பொருளாதாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களையே நம்பியிருந்தது. நிதி மையம் என்ற எண்ணம் அந்தப் பதற்றத்தில் பிறந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். செல்வம் சேர்ந்த பிறகு தோன்றிய ஆசை அல்ல அது.

அந்த ஆண்டைப் பற்றி எல்லாரும் சொல்லும் கதையில் ஓர் உலக உருண்டை வருகிறது. சிங்கப்பூரின் பொருளாதார ஆலோசகராக இருந்த டச்சுக்காரர் ஆல்பர்ட் வின்செமியஸ், பேங்க் ஆஃப் அமெரிக்காவைச் சேர்ந்த வான் ஓனன் என்பவரிடம் யோசனை கேட்கிறார். வான் ஓனன் அவரை ஓர் உருண்டையின் முன் நிறுத்தி விளக்குகிறார். சூரிச்சில் காலை ஒன்பது மணிக்கு வங்கிகள் திறக்கின்றன, பிறகு பிராங்பர்ட், லண்டன், நியூயார்க், கடைசியாக சான் பிரான்சிஸ்கோ. அதுவும் மூடிய பின், சூரிச் மறுபடி திறக்கும்வரை பண உலகம் உறங்குகிறது. அந்த இடைவெளியில் சிங்கப்பூரைச் செருகினால் வட்டம் முழுமையாகும். லீ குவான் யூ தம் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதிய பிறகு இது ஏறக்குறைய ஒரு தலபுராணமாகிவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை சரியாகத்தான் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் குளிர்கால மாலை ஐந்து மணி ஆகும்போது அன்றைய சிங்கப்பூரில் மறுநாள் காலை எட்டரை. பிற்பகல் மூன்றரைக்கு சூரிச் திறந்துவிடும். (இந்த அரை மணிக் கணக்கு பிறகு மாறியது. மலேசியா தன் நேரத்தை மாற்றியபோது சிங்கப்பூரும் 1982 ஜனவரி 1 முதல் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்தி ஹாங்காங்குடன் ஒத்துக்கொண்டது. நேரத்தை விற்றுப் பிழைக்கும் ஊர் தன் நேரத்தையே மாற்றிக்கொண்டது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும்.) ஆனால் அதே சூரியன் ஹாங்காங்குக்கும் மணிலாவுக்கும் ஜகார்த்தாவுக்கும்தான் உதித்தது. டோக்கியோவுக்கு இன்னும் சற்று முன்னதாகவே உதித்தது. ஆகவே உருண்டை, எங்கே ஓர் இடம் காலியாக இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லிற்று. அந்த இடத்தில் ஏன் சிங்கப்பூர் உட்கார்ந்தது என்பதற்கு அதில் விடையில்லை.

விடை ஒரு வரிச் சட்டத்தில் இருக்கிறது. அறுபதுகளில் அமெரிக்காவுக்கு வெளியே டாலர்கள் குவிந்துகொண்டிருந்தன. ஐரோப்பாவில் அவற்றுக்கென்று லண்டனில் ஒரு சந்தை உருவாகிவிட்டது. ஆசியாவிலிருந்த டாலர்களுக்கு அப்படியோர் இடம் இல்லை. அந்த இடமாக ஆவதற்கு ஹாங்காங்கே முதல் தகுதியுடையது. வங்கிகளும் வணிகமும் அங்கேதான் மிகுதி. ஆனால் அயல்நாட்டு நாணய வைப்புகளின் வட்டிக்கு அது 15 விழுக்காடு வரி பிடித்தது, அதை விட்டுக்கொடுக்கவில்லை. போதாததற்கு, 1965-இல் ஏற்பட்ட வங்கி நெருக்கடிக்குப் பிறகு புதிய வங்கி உரிமங்களையும் அது நிறுத்தி வைத்திருந்தது. சிங்கப்பூர் 1968-இல் வெளிநாட்டவரின் அத்தகைய வைப்புகளுக்கான வட்டி வரியை நீக்கியது. அக்டோபர் 1 அன்று பேங்க் ஆஃப் அமெரிக்கா, ஆசிய நாணயப் பிரிவு என்ற பெயரில் ஓர் தனிப் பிரிவைத் தொடங்கியது. ஆண்டு முடிவில் அந்தச் சந்தையில் இருந்தது சுமார் 3 கோடி டாலர், ஒரு நடுத்தரத் தொழிற்சாலையின் முதலீட்டளவு. ஹாங்காங் தன் வரியை நீக்கியபோது 1982 ஆகிவிட்டது. டோக்கியோ தன் வெளிநாட்டுப் பணச் சந்தையைத் திறந்தது 1986-இல்.

அந்த ஆசிய நாணயப் பிரிவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வேலைநாட்களின் பெரும்பகுதி அதற்குள்தான் கழிந்தது. வங்கி ஊழியர்கள் அதை ஏ.சி.யூ. என்பார்கள். அது தனிக் கட்டடம் அல்ல, தனி நிறுவனமும் அல்ல. ஒரே வங்கி, ஒரே மேசை, ஒரே ஊழியர்கள். ஏடு மட்டும் வேறு. உள்நாட்டு வங்கிப் பிரிவான டி.பி.யூ.வின் ஏட்டில் சிங்கப்பூர் டாலர் வரவுசெலவு எழுதப்படும். ஏ.சி.யூ. ஏட்டில் அயல்நாட்டு நாணயங்கள் மட்டும். அன்று அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு நடப்பில் இருந்தது. உள்நாட்டார் தம் பணத்தை விருப்பம்போல் வெளியே அனுப்ப முடியாது. அந்தக் கட்டுப்பாட்டைக் குலைக்காமலேயே வெளிநாட்டுப் பணத்துக்குக் கதவைத் திறப்பதற்கு அரசு கண்ட வழி இந்த இரட்டை ஏடு. உள்ளூர் வைப்பாளரைக் காக்க, வைப்புகளில் ஒரு பகுதியைக் கடன் கொடுக்காமல் ஒதுக்கி வைக்கச் சொல்லும் இருப்புக் கட்டாயங்கள் ஏ.சி.யூ.வுக்குப் பொருந்தா. 1973-இல் அதன் வருமானத்துக்கு வரியும் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வெளியே புயலடித்தால் வெள்ளம் அந்த ஏட்டோடு நிற்கும், வீட்டுக்குள் வராது என்பதுதான் கணக்கு.

ஒருமுறை நான் ஒரு பெரிய டாலர் வரவை ஏ.சி.யூ.வில் பதிவதற்குப் பதிலாக டி.பி.யூ.வில் பதிந்துவிட்டேன். வாடிக்கையாளருக்கு ஒரு காசு நட்டமில்லை, பணமும் சரியான கணக்கில்தான் போய்ச் சேர்ந்தது. ஆயினும் அன்றிரவு பத்து மணிவரை நாங்கள் நால்வர் அலுவலகத்தில் இருந்தோம், மறுநாள் எழுத்துமூலம் விளக்கமும் கொடுத்தேன். இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு என்று அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது. வீட்டுக்குப் போகும் கடைசி ரயிலில்தான் தாத்தாவின் மூன்று ஏடுகள் நினைவுக்கு வந்தன.

1971 தொடக்கத்தில் சிங்கப்பூர் நாணய ஆணையம் செயல்படத் தொடங்கியது. நாணயம் என்ற சொல்லுக்குப் பணம் என்றும் நேர்மை என்றும் தமிழில் பொருளிருப்பதால், அந்தப் பெயர் ஆங்கிலத்தைவிடத் தமிழில் கூடுதலாகச் சொல்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா டாலருக்கும் தங்கத்துக்குமான தொடர்பை அறுத்தது. நாணய மதிப்புகள் அன்றாடம் ஆடத் தொடங்கின, அந்த ஆட்டமே செலாவணி வணிகருக்குப் பிழைப்பாயிற்று. ஆணையம் முழு உரிமம், வரையறுத்த உரிமம், வெளிநாட்டு வணிகத்துக்கு மட்டுமான உரிமம் என்று வங்கிகளைத் தரம் பிரித்து வரவேற்றது. பெரிய பெயர்கள் வந்து தெருவை நிறைத்தன, ஆனால் உள்ளூர்ச் சேமிப்பாளரின் கதவைத் தட்ட அவற்றில் பலவற்றுக்கு அனுமதியில்லை. இதை நியாயமற்றது என்று அன்றைய வெளிநாட்டு வங்கியாளர்கள் முணுமுணுத்திருப்பார்கள். எனக்கு இதுவே அந்த வளர்ச்சியின் நடுநரம்பாகத் தெரிகிறது. 1978-இல் செலாவணிக் கட்டுப்பாடு அறவே நீங்கிய பிறகும், சிங்கப்பூர் டாலரை ஊக வணிகர்களின் பந்தாக்கக் கூடாது என்று அதை வெளிநாட்டார்க்குக் கடனாகக் கொடுப்பதில் ஆணையம் நெடுங்காலம் கைப்பிடி இறுக்கமாகவே இருந்தது. உலகத்தார் பணத்தையெல்லாம் கையாளும் ஊர், தன் பணத்தை மட்டும் பூட்டியே வைத்திருந்தது.

இடமும் வேண்டியிருந்தது. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் கடைவீடுகளின் குடியிருப்பாளர்களை எழுப்ப முடியாதிருந்தது. நடுநகரில், வரைபடத்தில் காலணி வடிவில் தெரிந்ததால் தங்கக் காலணி என்று பெயர்பெற்ற வட்டாரத்தில், 1970-இல் அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. ஷென்டன் வேயில் கோபுரங்கள் எழுந்தன. எழுபதுகளிலேயே செட்டித் தெருவின் கிட்டங்கிகளும் இடிபட்டன. பெட்டகங்களோடு சிலர் டேங்க் ரோட்டுக் கோயில் பக்கம் போனார்கள். தெருவில் பின்னர் ஒரு பலமாடி வாகன நிறுத்தம் வந்து, அதுவும் இடிக்கப்பட்டு, நான் முதலில் சொன்ன கோபுரம் 2021-இல் நிறைவுற்றது. கடலைத் தூர்த்து எடுத்த மரினா பே நிலத்தில் இன்றைய பெரிய வங்கிகள் பல உட்கார்ந்திருக்கின்றன. நான் இருந்த தளத்தின் சன்னலிலிருந்து பார்த்தால் தெரிந்ததில் பாதி, தாத்தாவின் காலத்தில் கப்பல் நங்கூரமிட்ட நீர்.

ஏடுகள் கலந்தபோது என்ன ஆகும் என்பதற்கும் இந்த ஊரிலேயே சான்று உண்டு. 1984-இல் தொடங்கிய சைமெக்ஸ் என்னும், இன்றே விலை பேசிப் பின்னாளில் முடிக்கும் எதிர்கால ஒப்பந்தங்களின் சந்தை, சிகாகோவுடன் இணைப்புப் பெற்று, 1986 முதல் ஜப்பானின் நிக்கேய் பங்குக் குறியீட்டையும் வணிகம் செய்யவிட்டது. அங்கே பேரிங்ஸ் வங்கியின் சார்பில் நிக் லீசன் என்ற இளைஞர் வணிகம் செய்தார். 1762-இல் தொடங்கிய வங்கி அது. ஒப்பந்தம் போடுபவரும் அவரே, அதைச் சரிபார்த்துக் கணக்கு முடிக்கும் பிரிவுக்குத் தலைவரும் அவரே. நட்டங்களை பதிவுப் பிழைகளை ஒதுக்கி வைப்பதற்கான, 88888 என்ற எண்ணுள்ள பிழைக் கணக்கில் ஒளித்து வைத்தார். 1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கத்துக்குப் பின் ஜப்பானியப் பங்குகள் சரிந்தபோது நட்டம் பெருகிற்று. பிப்ரவரி இறுதியில் வங்கி விழுந்தது. மொத்த நட்டம் 82.7 கோடி பவுண்டு. டச்சு வங்கியொன்று அதை ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கியது.

எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்வோருக்கு முதல் நாள் பாடம் இதுதான். பெரும்பாலோர் லீசனின் துணிச்சலைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு லண்டன் தலைமையகம்தான் புதிராக இருக்கும். வணிகம் லாபத்தில் நடப்பதாகச் சொல்கிறவர் மேலும் மேலும் பணம் கேட்கிறார். அது யாருடைய கணக்குக்கு என்று ஒப்பிட்டுப் பார்க்காமலே அவர்கள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இரு பொறுப்புகளையும் பிரிக்கச் சொல்லி 1994-லேயே அவர்களுடைய உள்தணிக்கை அறிக்கை பரிந்துரைத்திருந்தது. கப்பல் தபாலில் வரும் கணக்கை வைத்துக்கொண்டு தேவகோட்டையில் ஒருவர் மாதந்தோறும் செய்த ஒப்பீட்டை, தொலைபேசியும் கணினியும் வைத்திருந்த லண்டன் செய்யவில்லை.

அந்த நிகழ்வு சிங்கப்பூரின் பெயரைக் கெடுத்திருக்க வேண்டும், கெடுக்கவில்லை. 1985-இல் பான் எலக்ட்ரிக் நிறுவனம் சரிந்து பங்குச் சந்தையையே மூன்று நாள் மூட நேர்ந்தபோதும் கெடவில்லை. இரண்டு முறையும் விசாரித்து, வழக்குத் தொடுத்து, விதிகளை மாற்றினார்கள். லீசனுக்கு ஆறரை ஆண்டுச் சிறை கிடைத்தது. சைமெக்ஸும் பங்குச் சந்தையும் 1999 டிசம்பரில் ஒன்றாக இணைந்தன. 2013-இல் அன்றாடச் செலாவணி வணிகத்தில் சிங்கப்பூர் டோக்கியோவை முந்தி, லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் அடுத்த இடத்துக்கு வந்தது. 2022-இன் உலகக் கணக்கெடுப்பில் அதன் பங்கு 9.4 விழுக்காடு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 92,900 கோடி டாலர்.

ஆனால் ஏடு தனியாக இருந்தால் மட்டும் போதாது, அதில் எழுதப்படுவது யாருடைய பணம் என்றும் கேட்க வேண்டும். இந்த இடத்தில் என் பழைய ஊர் எப்போதும் தேறியதாக நான் நினைக்கவில்லை. மலேசிய அரசு நிதியான 1எம்டிபியின் பணம் சுற்றிய வழிகளில் சிங்கப்பூரும் இருந்தது. 2016-இல் பி.எஸ்.ஐ., ஃபால்கன் ஆகிய இரு தனியார் வங்கிகளின் கிளைகளை ஆணையம் மூடியது. 2013-இல் வட்டி, செலாவணி விகிதங்களை வளைக்க முயன்றதற்காக 20 வங்கிகளைக் கண்டித்தது. 2023 ஆகஸ்டில் வெளிநாட்டினர் பத்துப் பேரைக் கைதுசெய்தபோது வெளிவந்த கறுப்புப் பண வழக்கில், பறிமுதலான சொத்துகளின் மதிப்பு 300 கோடி சிங்கப்பூர் டாலரை எட்டியது. தண்டனைகள் உறுதியானவை என்பதை மறுக்கவில்லை. எனினும் அந்தப் பணமெல்லாம் உள்ளே வந்தபோது ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் என்னைப் போன்ற ஒருவரின் ஒப்புதல் இருந்திருக்கும். படிவம் நிரம்பியிருந்தால் போதும் என்று நாங்கள் பழகியிருந்தோம்.

இப்போது குஜராத்தின் கிஃப்ட் சிட்டி என்னும் பன்னாட்டு நிதி வட்டாரத்தில் இதே முயற்சி நடக்கிறது. சிங்கப்பூரில் நடந்துவந்த, இந்தியப் பங்குக் குறியீடான நிஃப்டியின் எதிர்கால ஒப்பந்த வணிகம் 2023 ஜூலை 3 முதல் அங்கே போய்விட்டது. அங்குள்ள வங்கிக் கிளைகள் அயல்நாட்டு நாணயத்தில், உள்நாட்டு ஏட்டிலிருந்து பிரிந்த தனி ஏட்டில் வணிகம் செய்கின்றன. அந்த யோசனையின் வடிவம் எனக்கு மிகப் பழக்கமானது. வரிச் சலுகையை ஒரே அறிவிப்பில் கொடுத்துவிடலாம். அடுத்த அறிவிப்பில் அது பறிபோகாது என்று வெளியார் நம்புவதற்குத்தான் நாளாகும். சிங்கப்பூர் 1968-இல் விட்டுக்கொடுத்த வரியை இன்றுவரை திரும்பக் கேட்கவில்லை.

அந்தப் பழைய சுவர் சிங்கப்பூரிலேயே இப்போது இல்லை. 2021-இல் ஏ.சி.யூ., டி.பி.யூ. என்ற பிரிவினை நீக்கப்பட்டது. கணினிகளும் கண்காணிப்பும் மாறிவிட்ட காலத்தில் இரட்டைப் பதிவு வெறும் சுமையாகிவிட்டது என்பது உண்மைதான். மாற்றத்துக்கு முந்தைய மாதங்களில் ஆயிரக்கணக்கான கணக்குகளை ஒரே ஏட்டுக்கு நகர்த்தும் வேலை எங்கள் பிரிவுக்கு வந்தது. திரையில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் அந்தச் சிறிய கட்டம் ஒரு காலையில் காணாமற்போயிற்று. எங்கள் வங்கியின் பழைய கணக்கு எண்களில், எந்த ஏடு என்று காட்டிய நான்காம் இலக்கத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை. நான் விலகும் நாள்வரை அது அப்படியே இருந்தது.